சிவனி இறக்கத்தில் வந்த மாடு

நாக்பூர் தாண்டினால் சிவனி. சிவனி தாண்டினால் ஜபல்பூர். பிறகு கட்னி, ரேவா, அங்கிருந்து காசி. இதற்கு வரைபடம் எதற்கு. விரித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு முந்தின ரோடு புத்தகம், பக்கமெல்லாம் கிரீஸ் விரல், நாக்பூர் இருக்கிற இடம் மடிப்பில் கிழிந்தே போய்விட்டது. எழுத்து தெரியவில்லை. தெரியவேண்டியதும் இல்லை, கோட்டின் வளைவைப் பார்த்தாலே எந்த இடத்தில் கியரை மாற்றினேன் என்று கால் சொல்லும். பக்கத்தில் பூபதி எழுதி வைத்துவிட்டுப் போன தாள். என் மகனுக்கு எதையும் தாளில் எழுதினால்தான் வேலை ஆன மாதிரி. ஒன்று, விமானம், பெங்களூர் வரை காரில் போய் அங்கிருந்து இரண்டரை மணி நேரம். இரண்டு, ரயில், இரண்டு நாள், வயதானவர்கள் என்பதால் கீழ்ப் படுக்கை கிடைக்கும். மூன்று, டிரைவரோடு வாடகைக் கார். நான்கு, நம்ம கார், அப்பா ஓட்டுவது. நான்காவதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி. முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவனுக்குக் கேள்விக்குறி. பதினோரு மணிக்கு சென்னியப்பன் மாமா வர்றாரில்ல, ரெண்டு பேரும் பேசி எதுக்காவது ஒண்ணுக்கு டிக் போட்டு வையுங்கப்பா, சாயந்தரம் வந்து புக் பண்ணிடறேன் என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டான். மணி ஒன்பதே கால். நேற்று என்றால் பேனாவை எடுத்துத் தாள் கிழிகிற மாதிரி நான்கில் டிக் போட்டிருப்பேன். இப்போது பேனா மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன். உள்ளே மருமகள் மிக்சியைப் போடுகிறாள். அது நிற்கிறவரை எதையும் யோசிக்க முடியாது. நல்லது. ஓடட்டும்.

நின்றுவிட்டது. போன் மேஜை மேல் கிடக்கிறது, முகம் கவிழ்ந்து. நான்தான் கவிழ்த்து வைத்தேன். காலையில் ஆறு இருபதுக்கு அதில் சென்னியப்பன், என்னோடு லாரி ஓட்டியவன், பேசி அனுப்பியிருந்தான். அவனுக்கு எழுதப் படிக்க வராது. மைக் படத்தை அழுத்திப் பேசி விட்டுவிடுவான், யாருக்கு அனுப்புகிறோம் என்பதையும் படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பான். பூபதிக்கு லாரிப் படம். எனக்கும் லாரிப் படம். இரண்டும் ஒரே வண்டி, முதலாளி வீட்டு வாசலில் ஆயுதபூஜைக்கு மாலை போட்டு நிறுத்தி எடுத்தது. போன வருஷம் பூபதிதான் எனக்கும் அதையே வைத்துவிட்டான், பெருமையாக இருந்தது. மகனுக்குப் பேசியது அப்பனுக்கு வந்து சேர்ந்தது. ஒரு நிமிஷம் நாற்பத்திரண்டு விநாடி. நான்கு தடவை கேட்டுவிட்டேன். ஐந்தாவது தடவை கேட்க வேண்டியதில்லை, எந்த இடத்தில் இருமுகிறான், எந்த இடத்தில் அவன் வீட்டுச் சேவல் கத்துகிறது என்பதுகூட மனப்பாடம். பூபதி கண்ணு, நாந்தேன். அப்பா பக்கத்துல இருந்தா அப்புறமாக் கேளு. அப்பா கார்லதான் போகோணும்னு நிக்கறாரு. நீ ரயிலுக்கோ பிளேனுக்கோ போட்டுரு, நான் சொன்னேன்னு சொல்லாத. இங்கே இருமல். சிவனி இறக்கத்துல மாடு வந்துச்சுன்னு சொல்லுவாரு பாரு, மாடு ஒண்ணும் வல்ல கண்ணு. தலை சாஞ்சுபோச்சு. நான் முழிச்சுட்டுத்தான் படுத்திருந்தேன், பாத்தேன். அதுக்கப்புறம் அவரு ஓட்டறப்ப நான் தூங்குனதே இல்ல. பதினெட்டு வருசம். சேவல். இப்ப எனக்கு எழுவதாச்சு. இன்னும் ஒரு மூணு நாளு முழிச்சுட்டு வர என்னால ஆகாது சாமி.

ஆகாதாம். யார் உன்னை முழித்துக்கொண்டு வரச் சொன்னது. லாரியில் இரண்டு டிரைவர் எதற்குப் போடுகிறார்கள், ஒருவன் ஓட்ட, ஒருவன் தூங்க. தூங்குவதும் வேலைதான், அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். சீட்டுக்குப் பின்னால் பலகை, அதில் ஒரு மெத்தை, ஓட்டி முடித்தவன் தலைத் துண்டை உதறி ஸ்டியரிங் மேல் போடுவான், அடுத்தவன் அதை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொள்வான். அவ்வளவுதான் பேச்சு. அந்தத் துண்டு என் தோளுக்கு வந்த பிறகு வண்டியும் என்னுது, பின்னால் படுத்திருக்கிறவன் உசிரும் என்னுது. அதைக் கொடுத்துவிட்டுத்தான் அவன் படுக்கிறான் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷம் ஒரே வண்டியில். என் பொண்டாட்டி பாவாயியோடு நான் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களைக் கூட்டினால் அதில் பாதி வராது. அவளே சொல்வாள், நீங்க தாலி கட்டுனது எனக்கா, உங்க எடப்பாடிக் கூட்டாளிக்கா என்று. செத்து இரண்டு வருஷமாகிறது, இருந்தால் இன்றைக்கு என்ன சொல்லியிருப்பாள். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்திருப்பாள்.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றினால் காசிப் பக்கம் நான்காம் நாள். நாற்பது தடவையாவது போயிருப்போம். ஊருக்குள் போனதில்லை. பகலில் லாரியை உள்ளே விடமாட்டான், வெளியிலேயே கிடங்கு, இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இந்த நாட்டில் எத்தனை ஊரை நாங்கள் வெளியிலிருந்து பார்த்திருக்கிறோம், எல்லா ஊரும் எங்களுக்கு ஒரே மாதிரி, ஒரு பங்க், ஒரு பஞ்சர் கடை, ஒரு நோ என்ட்ரி போர்டு. ஒருநாள் கார் எடுத்துட்டு வந்து நேரா உள்ள போயி கங்கையில காலை நனைச்சுட்டுத்தான் டீ குடிக்கோணும்ங்ணா என்று அவன்தான் ஆரம்பித்தான். நான் இல்லை. வண்டியை விட்டு இறங்கிப் பதினைந்து வருஷமாக அதையேதான் பேசுகிறான், பார்க்கிறபோதெல்லாம். எப்பங்ணா போறோம். எப்பங்ணா போறோம். பேசியது அவன். போன மாதம் நான் சரி என்றதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது, சந்தோஷம் என்று நினைத்தேன். எனக்கு முகம் பார்க்கத் தெரியாது. ரோட்டைப் பார்த்தே பழகியவன்.

மாடு வந்தது. கட்னியில் சுண்ணாம்பு மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்புகிறோம், சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணி, சிவனி தாண்டி நாக்பூர்ப் பக்கம் இறங்குகிற மலை. இரண்டு பக்கமும் தேக்கங்காடு, இலையெல்லாம் கொட்டி நிற்கிறது, வெயில் கண்ணாடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. சோறு தின்றுவிட்டு ஏறியிருந்தேன். ராத்திரி தூக்கம் டிரைவரைக் கொல்லும் என்று வெளியில் இருக்கிறவன்தான் சொல்வான். ராத்திரிக்குத்தான் நாம் உஷாராக இருப்போமே. மூன்று மணிதான் எமன். பின்னால் குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, அதையும் எஞ்சினையும் கேட்டுக்கொண்டே, வளைவு, நேர் ரோடு, வளைவு, அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒன்று குறுக்கே. அந்தப் பக்கத்தில் நீலகாய் என்பார்கள், குதிரை உசரம் இருக்கும் காட்டுமாடு. இடது பக்கம் ஒடித்தேன். வண்டி மண்ணில் இறங்கி நாலு தேக்கங்கன்றை முறித்துக்கொண்டு நின்றது. இன்னும் பத்தடி போயிருந்தால் பள்ளம். தோளில் ஏதோ பலமாக இடித்தது, பலகையிலிருந்து சென்னி உருண்டு விழுந்திருக்கிறான் என்று நினைத்தேன். என்னங்ணா ஆச்சு என்றான். மாடுடா என்றேன். அவன் ரோட்டைப் பார்த்தான், காட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஓடிருச்சுங்களா என்றான். ஓடிருச்சு என்றேன். ஊருக்கு வந்ததும் முதலாளி கேட்டார், அவனையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஆமாங்க, மாடுதானுங்க, அண்ணன் ஒடிக்காட்டி நாங்க ரெண்டு பேருமே இல்லீங்க என்று சொல்லியிருக்கிறான். முதலாளி எனக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தார். அந்த வேட்டியை நான் கட்டினேனா. கட்டினேன். பூபதி காதுகுத்துக்குக் கட்டினேன்.

தோளில் இடித்தது. வண்டி மண்ணில் இறங்கின பிறகா, அதற்கு முன்னாலா. இதைக் காலையிலிருந்து விட்டுவிட்டு நினைக்கிறேன், நினைக்கக் கூடாது என்று புத்தகத்தைப் புரட்டினால் அதே பக்கம்தான் வந்து நிற்கிறது. முன்னால்தான். இடி, அது அவன் கால், பிறகு ஒடிப்பு, பிறகு மண். மாடு அதற்கும் பிறகு. மாடு எப்போது வந்தது என்றால், அவன் என்னங்ணா ஆச்சு என்று கேட்டபோதுதான் வந்தது. அப்போதுதான் வாயில் வந்தது. முப்பத்துமூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதற்கு நிறம் வந்துவிட்டது, உசரம் வந்துவிட்டது, திரும்பி என்னைப் பார்த்ததுகூட வந்துவிட்டது. பேத்திக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் படம்கூட வரைந்தாள். சரி, அதற்கென்ன. பொய்தான். ஒரு பொய், ஒரு நாள் சொன்னது. இவன் சொன்னது எத்தனை நாள். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்ட ஒவ்வொரு தடவையும் பின்னால் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட்டிருக்கிறான். அந்தக் குறட்டையைக் கேட்டால்தான் எனக்கு ஓட்டமே வரும். சென்னி தூங்கறான், நம்மளை நம்பித் தூங்கறான் என்று பள்ளம் பார்த்து இறக்குவேன், பிரேக்கைப் பிஞ்சுக் கையைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பேன். முழித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். என் பிடரியைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான், தலை சாய்கிறதா என்று. காலை நீட்டி வைத்துக்கொண்டு, உதைக்க. எவனாவது செய்வானா. அதற்குப் பதில் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே, உன்னை நம்பிப் படுக்க மாட்டேன், எனக்கு வேறு வண்டி கொடுங்க என்று முதலாளியிடம் கேட்டிருக்கலாமே. எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். அது கௌரவம். இது என்ன.

எப்போதுதான் தூங்கினான். அதுவும் தெரிகிறது, இப்போது எல்லாம் தெரிகிறது. தாபாவில் வண்டியை நிறுத்தினால் வயிறு சரியில்லைங்ணா என்று பின்பக்கம் போவான், முக்கால் மணி நேரம் ஆளைக் காணாது. கயிற்றுக்கட்டிலில் கிடந்திருப்பான். நான் டீயை இரண்டு தடவை குடித்துவிட்டுக் கத்துவேன், ஏண்டா, குடலையே கழட்டிக் கழுவறயா என்று. எல்லா டிரைவரும் சிரிப்பார்கள். அவனுக்கு வயிற்றுக்கடுப்பு சென்னி என்றே பேர் வைத்துவிட்டோம், நிர்மல் ஊர் தொடங்கி ரேவா வரை அந்தப் பேர்தான், அவனும் சேர்ந்து சிரிப்பான். லோடுக்காகக் காத்துக் கிடக்கிற நாட்களில் வண்டிக்கு அடியில் பாயைப் போட்டுச் செத்தவன் மாதிரி தூங்குவான், வாயில் ஈ போய் வரும். அப்போது குறட்டை விட்டானா. ஈ ஞாபகம் இருக்கிறது. சத்தம் ஞாபகம் இல்லை. அந்த இறக்கத்துக்கு முன்னால், முதல் நாலு வருஷம்? அதுவும் ஞாபகம் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எது அவன் சத்தம், எது எனக்காகப் போட்ட சத்தம் என்று பிரிக்க முடியவில்லை.

மாமா, காபி வெக்கட்டுங்களா என்று மருமகள் கௌசல்யா எட்டிப் பார்க்கிறாள். வேண்டாம் என்றேன். என்ன மாமா, எந்த வழின்னு முடிவாயிருச்சுங்களா. ம். கார்ல போனா வழியில நல்ல சாப்பாடு கிடைக்குங்களா, உங்களுக்கு உப்பு ஆகாதே. கிடைக்கும். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. பூபதிக்கும் தெரியாது, அவனுக்கு வரவேண்டியது என் போனில் கிடக்கிறது. நான்கில் டிக் போட்டால் யார் தடுப்பது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சென்னி வருவான். வராமல் இருக்க மாட்டான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வான், கிருஷ்ணகிரி தாண்டியதும் சீட்டைச் சாய்ப்பான், கண்ணை மூடுவான், ஆரம்பிப்பான். மூன்று நாள். எழுபது வயதில். ஆகாது என்று சொன்னாலும் செய்வான், அதுதான் எரிகிறது. செய்யட்டும். எதுவரை செய்கிறான் என்று பார்க்கிறேன். ஜபல்பூர் வரை தாங்குவானா. நாலு போடுடா காளியண்ணா, போடு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பேனாவை எடுத்தால் தாளில் நாலு எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இடது கண்ணில் புகை. டாக்டர் புரை என்கிறான், யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் திருச்செங்கோட்டு சிக்னலில் பச்சை விழுந்து பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள், எனக்கு அது எங்கேயோ கல்யாண வீட்டில் அடிக்கிற மாதிரி இருந்தது. ஒரு விநாடி. இரண்டு விநாடி. மத்தியானம். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. காரில் யாரும் இல்லை, தோளில் உதைக்க. அதற்கு என்ன மாடு சொல்லலாம் என்று வீடு வந்து சேர்கிறவரை யோசித்துக்கொண்டு வந்தேன், யாரும் கேட்கவே இல்லை.

கேட்டில் மொபெட் சத்தம். பத்தே முக்கால்தான் ஆகிறது, அவன் என்றைக்கும் கால் மணி முன்னால்தான். மொபெட்டை ஸ்டாண்டு போட மூன்று தடவை உதைக்கிறான், முட்டி போய்விட்டது. கையில் பை. பொண்டாட்டி முறுக்கு சுட்டுக் கொடுத்திருக்கிறாளாம், வழிக்கு, இன்னும் இருபது நாள் இருக்கிறது என்று சொன்னால் கேட்கிறாளா என்று கௌசல்யாவிடம் சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறான். மெலிந்திருக்கிறான். கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்குகிறது. அது எப்போதிலிருந்து தொங்குகிறது. நான் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்தான், புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, படிக்கத் தெரியாத ஊர்ப் பேர்கள் மேல் விரலை ஓட்டினான்.

“ரூட்டு போட்டாச்சுங்களாண்ணா?”

சிரிக்கிறான். காலையில் பேசிய வாய். சாயந்தரம் பூபதி பேச்சை ரயில் பக்கம் திருப்புவான் என்று நம்பிக்கொண்டு வந்திருக்கிறான், அதுவரை என் பக்கம் ஆட வேண்டும். நான் கேட்க வேண்டும் என்று நினைத்தது வேறு. ஏண்டா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்க நினைத்தேன். காலையிலிருந்து அதைத்தான் வாயில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். வந்தது வேறு.

“சிவனி இறக்கத்துல வந்துச்சே, அந்த மாடு என்ன நிறம்?”

விரல் நின்றது. நாக்பூர் கிழிந்த இடத்தில் நின்றது. உள்ளே குக்கர் ஒரு விசில் விட்டது. அவன் நிமிரவில்லை.

“சாம்பல்ங்ணா,” என்றான். “நல்ல பெரிய மாடு. கொம்பு வேற இவ்வளவு நீளத்துக்கு.” முழங்கையைத் தொட்டுக் காட்டினான்.

கொம்பு. கொம்பைப் பற்றி நான் ஒரு நாளும் சொன்னதில்லை. முதலாளியிடம் சொல்லவில்லை, பாவாயியிடம் சொல்லவில்லை, பேத்தி வரைந்த படத்தில்கூடக் கிடையாது. இது அவன் வைத்தது. முப்பத்துமூன்று வருஷம் கழித்து, இன்றைக்கு, என் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, வராத மாட்டுக்குக் கொம்பு வைக்கிறான். அறைய வேண்டும் போல இருந்தது. கை பேனாவில் இருந்தது. தாளை இழுத்து, கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய், இரண்டு எங்கே இருக்கிறது என்று தேடி டிக் போட்டேன்.

“ரயில்ல போறோம்,” என்றேன்.

அவன் முகத்தைப் பார்த்தேன். ரோட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஏமாற்றம் மாதிரி ஒன்றை வரவழைக்கப் பார்க்கிறான், புருவம் தூக்குகிறான், அதற்குள் தோள் இரண்டும் தானாக இறங்கிவிட்டது. லோடு இறக்கிய வண்டி ஸ்பிரிங் பட்டை மேல் எழும்புமே, அந்த மாதிரி ஆள் முழுக்க லேசாகிவிட்டான். அதைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. காலையில் கேட்டதைவிட இதுதான் உள்ளே போயிற்று.

“ஏங்ணா, கார்ல போலாம்னீங்க?”

“மாடு குறுக்க வரும்.”

என்னைப் பார்த்தான், பிறகு பையைத் திறந்து முறுக்கை எடுத்து மேஜை மேல் வைத்து, அதைச் சாப்பிடாமல் தள்ளி வைத்தான். தெரிந்துகொண்டானா. தெரிந்துகொள்ளட்டும், இல்லாவிட்டால் போகட்டும். அந்தப் பேச்சு என் போனில் இருக்கிறது, பூபதிக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம். கீழ்ப் படுக்கை ரெண்டு, எதிரெதிரே போடச் சொல்லறேன் என்றேன். சரிங்ணா என்றான். காபி போடச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து சமையலறை வரை போனேன், கௌசல்யா பால் இப்பத்தான் வந்துச்சு மாமா, அஞ்சு நிமிசம் என்றாள். திரும்பி வந்தால் நாற்காலியில் சாய்ந்திருக்கிறான். தலை பக்கவாட்டில் தொங்குகிறது, வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, ஒரு கை பாரம் வைத்த மாதிரி ரோடு புத்தகத்தின் மேல். பக்கத்தில் போய் நின்றேன். குனிந்து காதைக் கொண்டுபோனேன். மூச்சு இருக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. கௌசல்யா டம்ளர் எடுத்து வந்தாள், மாமா என்று ஏதோ சொல்ல வந்தாள், விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். எதிர் நாற்காலியைச் சத்தம் வராமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காபி ஆறியது. பதினொன்றரை. பன்னிரண்டு. சத்தமே இல்லை. பூனை தூங்குகிற மாதிரி தூங்குகிறான், பாவி. குறட்டையே கிடையாது அவனுக்கு.